சபை இல்லாத மாகாணத்தில் தோட்டத்து மக்கள்

(மாங்கேணியில் நடந்த சங்கக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்தில் நேரம் போதாமல் விடப்பட்ட சில விவரங்களும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



மாகாண சபையைப் பற்றிப் பேசுங்கள் என்று கிளைத் தலைவர் சொன்னதும், ஆள் வருமா என்றுதான் கேட்டேன். சம்பளம் என்றால் வருவீர்கள். காணி என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டாவது வருவீர்கள். மாகாண சபை என்றால் அது கட்சிக்காரர்களின் விஷயம், வெள்ளை யானை, நமக்கென்ன என்று போய்விடுவோம். அதனால் காணியில் இருந்தே தொடங்குகிறேன்.

மத்திய மாகாணத்தில் ராகலைப் பக்கம் ஸ்டஃபர்ட் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்து நிலத்தில் இருந்த ஒருவருக்கு, இடத்தை விட்டு வெளியேறு என்று தோட்டத்துரை அறிவித்தல் கொடுத்தார். துரை அதைத் தன் சொந்த அதிகாரத்தில் கொடுக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீளப் பெறும் சட்டத்தின் கீழ், அரசின் அதிகாரியாக நின்றுதான் கொடுத்தார். அந்த மனிதர் கண்டியில் இருக்கும் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போய், அறிவித்தலை ரத்துச் செய்யுங்கள் என்று எழுத்தாணை கேட்டார். இந்த வழக்கைக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை என்றது மேல் நீதிமன்றம். மேன்முறையீட்டு நீதிமன்றம், அதிகாரம் உண்டு என்றது. கடைசியில் கொழும்பில் உயர் நீதிமன்றம் 2013 செப்டம்பர் 26ஆம் திகதி தீர்ப்புச் சொன்னது: அரச காணி மாகாண சபையின் விடயம் அல்ல. ஆகவே மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை.

இதனால் எங்களுக்கு என்ன வந்தது? மாங்கேணியில் ஒருவருக்கு நாளைக்கு அப்படி ஒரு அறிவித்தல் வந்தால், அதை ரத்துச் செய்யக் கேட்க அவர் மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. கொழும்புக்குப் போக வேண்டும். மட்டக்களப்பு என்றால் காலை பஸ்ஸில் போய்ப் பொழுதுபடத் திரும்பலாம். கொழும்பு என்றால் ஒரு இரவுப் பயணம், குறைந்தது இரண்டு நாள் சம்பளம், கொழும்புச் சட்டத்தரணியின் கட்டணம். ஒரு தவணையோடு முடிகிற வழக்கும் அல்ல. அரசியலமைப்பில் ஒரு வரியை எப்படி வாசிப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், ஒரு தோட்டத்து மனிதரின் பஸ் செலவாக வந்து நிற்கிறது. மாகாண சபைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, என்ன இல்லை என்பது அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அந்த வரி என்னவென்று பார்ப்போம். 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய – இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்புக்கு 13ஆவது திருத்தம் வந்தது, கூடவே 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தது. திருத்தத்தின் பின்னால் மூன்று நிரல்கள் இருக்கின்றன. ஒன்று மாகாண சபையின் விடயங்கள், ஒன்று மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்டவை, மூன்றாவது இருவருக்கும் பொதுவானவை. மாகாண நிரலின் 18ஆவது விடயம் காணி. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் காணி அதிகாரம் மாகாணத்துக்கு வந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். ஆனால் அதே வரியில், பின்னிணைப்பில் சொல்லியிருக்கிற அளவுக்கு என்று ஒரு வால் இருக்கிறது. பின்னிணைப்புக்குப் போனால், அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரியது என்று எழுதியிருக்கிறது. ஸ்டஃபர்ட் வழக்கில் நீதிமன்றம் பிடித்தது அந்த வாலைத்தான்.

இன்னொரு இடமும் இருக்கிறது. எங்கள் சங்கத்திலேயே பலருக்கு அது தெரியாது. மாகாண நிரலின் 9ஆவது விடயம் விவசாயம். அதில் அடைப்புக்குறிக்குள், பெருந்தோட்ட விவசாயம் நீங்கலாக என்று போட்டிருக்கிறார்கள். தேயிலையோ, தென்னையோ, கஜுவோ, பெருந்தோட்டம் என்று பெயர் வந்துவிட்டால் அது கொழும்பின் கையில். சம்பளச் சபையும் கொழும்பில், தொழில் சட்டமும் கொழும்பில். ஆகவே மாகாண சபை வந்தால் நாட்சம்பளம் கூடும் என்று யாராவது உங்களிடம் வாக்குக் கேட்டு வந்தால் நம்பாதீர்கள். அது சபையால் முடியாத காரியம்.

அப்படியென்றால் முடிந்தது என்ன?

அதே பின்னிணைப்பில் இன்னொரு வசனம் இருக்கிறது. ஒரு மாகாணத்தில் உள்ள அரச காணியை ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ கொடுப்பதானால் ஜனாதிபதிதான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது சம்பந்தப்பட்ட மாகாண சபையின் ஆலோசனையின் பேரில் கொடுக்க வேண்டும். அந்த ஆலோசனை ஜனாதிபதியை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்று சட்டத்தரணிகள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். கேட்பதற்கே சபை இல்லாவிட்டால் அந்த வாதத்தால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பக்கத்துக் காட்டை, கடலோரத்தை, மேய்ச்சல் தரையை ஒரு கம்பனிக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சபை இருந்தால் 37 பேர் கூடிய கூட்டத்தில் அது பேசப்பட வேண்டும். பத்திரிகையில் வரும். ஒரு உறுப்பினராவது எழுந்து நின்று, அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று சொல்லுவார். இன்றைக்கு அது ஒரு கோப்பாகப் போய்க் கையெழுத்தாகத் திரும்பி வரும். வேலி அடிக்கிற அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய வரும்.

பாடசாலை அடுத்தது. தேசிய பாடசாலைகளைத் தவிர மற்றப் பாடசாலைகள் எல்லாம் மாகாணத்தின் கீழ். நான் படிப்பிக்கிற மாதிரியான தோட்டப் பாடசாலைகளும் அதற்குள்தான். ஆசிரியர் இடமாற்றமா, கட்டடமா, புதிய வகுப்பறையா, எல்லாவற்றுக்கும் கடைசிக் கையெழுத்து திருகோணமலையில். பிரதேச சபைகளை மேற்பார்வை செய்கிற அதிகாரமும் மாகாணத்துக்கே. பிரதேச சபை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு பல வருடங்களாகத் தோட்டத்துக்குள் சபைப் பணம் வராமல் தடுத்துக்கொண்டிருந்தது. வாக்கு எங்களிடம் வாங்குவார்கள், ரோட்டு என்றால் அது தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது என்பார்கள். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதற்கு மலையகத்தில் எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது! சட்டத்தில் ஒரு பிரிவு மாறினால் லயத்துக்கு வரும் பாதை மாறும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

சட்டம் ஆக்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு. மாகாண சபை ஆக்குகிற சட்டத்துக்கு நியதிச்சட்டம் என்று பெயர். மாகாண நிரலில் உள்ள விடயங்களில் நியதிச்சட்டம் ஆக்குகிற அதிகாரம் சபைக்கு மட்டுமே உண்டு, ஆளுநருக்குக் கிடையாது. சபை இல்லாத காலத்தில் கிழக்கு மாகாணத்துக்கென்று ஒரு நியதிச்சட்டமும் பிறக்க முடியாது. நிர்வாகம் மட்டும் நடக்கும்.

ஆளுநர் யார்? ஜனாதிபதி நியமிப்பவர். ஜனாதிபதிக்கு விருப்பம் இருக்கும்வரை பதவியில் இருப்பவர். தோட்டத்தில் இருக்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆளுநர் துரை மாதிரி. துரையை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நல்ல துரையும் வருவார், பொல்லாத துரையும் வருவார். நல்ல துரை வந்தால் லயத்துக்குத் தகரம் வரும். ஆனால் அவர் பதில் சொல்வது கம்பனிக்கு, எங்களுக்கு அல்ல. 2023 மே மாதத்தில் இருந்து 2024 செப்டம்பர் வரை கிழக்கின் ஆளுநராக இருந்தவர் செந்தில் தொண்டமான். மலையகத் தொழிற்சங்கத்தில் இருந்து வந்தவர். நம்ம ஆள் வந்துவிட்டார் என்று எங்கள் ஆட்களில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். ஜனாதிபதி மாறினார், ஆளுநரும் மாறினார். வந்ததற்கும் போனதற்கும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சல்ல. கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் பேச்சு.

சபை இருந்தால் நிலைமை வேறு. ஆளுநர் பொதுவாக மாகாண அமைச்சர் சபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். ஆளுநர் அரசியலமைப்பை மீறினால், ஊழல் செய்தால், அவரை நீக்கும்படி ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்ல மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரால் ஒரு பிரேரணை நிறைவேற்றலாம். 154ஆ உறுப்புரையில் அது இருக்கிறது. சபை இல்லாவிட்டால் ஆளுநரின் கணக்கைக் கேட்க மாகாணத்துக்குள் சட்டப்படி ஒரு மேடை இல்லை.

ஆளுநரின் குரல் மக்களின் குரல் ஆகுமா என்று நீதிமன்றத்திலேயே ஒருமுறை கேள்வி வந்தது. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தது. சமுர்த்தியையும் வேறு அதிகார சபைகளையும் ஒன்றாக்கி ஒரு திணைக்களம் செய்கிற சட்டமூலம். மாகாண விடயங்களைத் தொடுகிறது, ஆகவே எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அனுப்பினார்கள். வடக்கில் அப்போது சபையே இல்லை. ஆளுநர் எழுந்து, நான் இணங்குகிறேன் என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. சபை சொல்ல வேண்டியதை ஆளுநர் சொல்ல முடியாது, ஆகவே பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்றது. அன்றைய அரசிடம் மூன்றில் இரண்டு இருந்தது. 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. அதே மாதத்தில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சட்டமூலத்துக்குக் கிழக்கு மாகாண சபை இணக்கம் தெரிவித்தது. சபை இருந்தால் மட்டும் போதாது, யார் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கிழக்குக்குச் சபை இருந்த காலத்தைக் கணக்குப் பாருங்கள். முதல் தேர்தல் 1988 நவம்பரில், வடக்கும் கிழக்கும் சேர்ந்த சபைக்கு. வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். 1990 மார்ச் 1ஆம் திகதி திருகோணமலையில் அந்தச் சபை தன்னைத் தனி நாட்டுக்கான அரசியல் நிர்ணய சபையாக மாற்றிக்கொள்ளும் பிரேரணையை எடுத்தது. பாராளுமன்றம் மாகாண சபைகள் சட்டத்தைத் திருத்தி, அப்படிப் பிரகடனம் செய்கிற சபை கலைந்துபோகும் என்று எழுதியது. சபை போனது. அதன் பிறகு 18 வருடம் போர், இடப்பெயர்வு, ஆளுநர் ஆட்சி. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி வடக்கு – கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்குப் பின்னால் நின்றவர்கள் மக்கள் விடுதலை முன்னணிக்காரர்கள். 2008 மே மாதத்தில் கிழக்குக்குத் தனியாகத் தேர்தல், சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சர். 2012 செப்டம்பரில் மறுபடி தேர்தல், நஜீப் அப்துல் மஜீத், அவருக்குப் பிறகு 2015இல் ஹாபிஸ் நசீர் அகமட். 2017 செப்டம்பர் 30ஆம் திகதி பதவிக்காலம் முடிந்தது. அன்றில் இருந்து இன்றுவரை ஆளுநர்தான். முதல் தேர்தலில் இருந்து 2025 நவம்பரோடு 37 வருடம். அதில் எங்களுக்குத் தெரிவு செய்யப்பட்ட சபை இருந்தது 11 வருடத்துக்கும் குறைவு.

இந்த நாட்டில் நடந்த எழுச்சியோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் நடந்ததைப் பலர் புரட்சி என்கிறார்கள், சிலர் போராட்டம் என்கிறார்கள். பெயரை விடுவோம். ஜனாதிபதி ஓடினார், 14ஆம் திகதி பதவி விலகினார். அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 5ஆம் திகதி, காலிமுகத்திடலில் இருந்தவர்கள் ஒரு செயல்திட்டம் வெளியிட்டிருந்தார்கள். சட்ட அங்கீகாரம் உள்ள மக்கள் சபை ஒன்று வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. நல்ல கோரிக்கை. ஆனால் நடந்தது என்ன? அரசியலமைப்பின்படி வெற்றிடத்தை நிரப்பும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு. ஜூலை 20ஆம் திகதி 134 பேர் வாக்களித்து ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிந்தார்கள். மக்கள் சபை பேச்சாகவே நின்றது. சட்டப்படி ஏற்கனவே இருக்க வேண்டிய ஒன்பது மாகாண சபைகளில் ஒன்றுகூட அன்றைக்கு இல்லை. 2019 முடிவதற்குள் எல்லாவற்றின் காலமும் முடிந்துவிட்டது. 2023 மார்ச் மாதத்தில் பிரதேச சபைகளும் நகர சபைகளும் முடிந்தன. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தலைப் பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். ஓரிரு இடங்களைத் தவிர, நாட்டில் பாராளுமன்றத்துக்குக் கீழே தெரிவு செய்யப்பட்ட ஒரு சபையும் இல்லாமல் இரண்டு வருடம் ஓடியது. மக்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று எழுந்த ஒரு எழுச்சிக்குப் பிறகு இப்படி!

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் நடந்ததல்ல. ரஷ்யாவில் 1917இல், எல்லா அதிகாரமும் சோவியத்துகளுக்கே என்று முழங்கினார்கள். சோவியத் என்றால் தொழிலாளர், விவசாயிகளின் சபை. 1918 ஜூலையில் அரசியலமைப்பு எழுதினார்கள். அதில் உள்ளூர்ச் சபைகளின் கடமைகளைச் சொல்லும் 61ஆவது பிரிவில், மேல்மட்ட அமைப்புகளின் உத்தரவுகளை நிறைவேற்றுவது முதலாவதாக இருக்கிறது. உள்ளூர்ப் பிரச்சினைகளைத் தீர்மானிப்பது அதற்குப் பின்னால்தான். அன்றைக்கு உள்நாட்டு யுத்தம், அவர்களுக்குக் காரணம் இருந்தது. காரணம் போன பிறகும் வரிசை மாறவில்லை. தொழிலாளர் இயக்கத்தில் இருக்கிற நாங்கள் அதையும் மனம்விட்டுப் பேச வேண்டும். எழுச்சி நடந்த வேகத்திலேயே, கீழே உள்ள சபைக்கு என்ன அதிகாரம், எப்போது தேர்தல் என்று எழுதி வைக்காவிட்டால் அது மேலே போய்விடும்.

இந்தியாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1992இன் 73ஆவது திருத்தத்தால் வந்த 243E உறுப்புரை, பஞ்சாயத்தின் ஐந்து வருடம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது. அப்படி எழுதியிருந்தும் தமிழ்நாட்டில் 2016 ஒக்டோபரில் காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் எல்லா மாவட்டத்திலும் அல்ல. எழுத்து மட்டும் காப்பாற்றாது. ஆனால் எழுத்து இருந்தால் நீதிமன்றத்துக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்.

எங்கள் 154உ உறுப்புரை, ஐந்து வருடம் முடிந்தால் சபை கலையும் என்கிறது, அடுத்தது எப்போது என்று சொல்லவில்லை. 1988இன் மாகாண சபைத் தேர்தல் சட்டம் அதைச் சொல்லியிருந்தது: கலைந்து ஒரு வாரத்துக்குள் தேர்தல் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிறகு ஏன் நடக்கவில்லை? 2017 செப்டம்பரில், எங்கள் சபை முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. பெண்களுக்கு வேட்பாளர் பட்டியலில் இடம் கொடுப்பதற்கு என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். அக்காமாரே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குழுநிலை விவாதத்தில் அதற்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் சொருகி, முழுத் தேர்தல் முறையையும் மாற்றினார்கள். பாதித் தொகுதி, பாதி விகிதாசாரம். தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை வந்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு, எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அதற்குப் பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும். வரவில்லை. பழைய முறையைத் தூக்கி எறிந்தாயிற்று, புதிய முறைக்கு எல்லை இல்லை. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் களப்பில் எறிந்த கதை.

சாவி தொலையவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அரசியலமைப்பை மாற்றத் தேவையில்லை. எல்லை நிர்ணயம் முடியும்வரை பழைய விகிதாசார முறையில் நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தச் சட்டம் கொண்டுவந்தால் போதும். தனிநபர் சட்டமூலமாக அது பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரவும் பட்டிருக்கிறது. இன்றைய அரசிடம் மூன்றில் இரண்டுக்கும் மேலே ஆசனங்கள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்று தேசிய மக்கள் சக்தி 2024இல் தன் விஞ்ஞாபனத்தில் எழுதியது. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே 6ஆம் திகதி நடத்தினார்கள், அதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு 2024 ஓகஸ்டில், உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மாகாண சபைக்கு அதே நியாயம் பொருந்தாதா?

எங்களுக்குப் பழைய முறை ஏன் நல்லது என்றும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கிறவர்கள் அல்ல. கலவரத்துக்குப் பயந்து மலையில் இருந்து இறங்கி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், இங்கேயே பிறந்து கூலிக்குப் போகிறவர்கள், மாவட்டம் முழுக்கச் சிதறி இருக்கிறோம். தொகுதியாகக் கோடு கீறினால் ஒவ்வொரு தொகுதியிலும் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. மாவட்டம் முழுவதையும் ஒன்றாக எண்ணினால் கதை வேறு. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 11 ஆசனம் இருந்தது. சிதறிய வாக்குகளை ஒரு விருப்பு இலக்கத்தில் சேர்த்தால் ஒரு ஆளை அனுப்ப முடியாவிட்டாலும், வெல்ல நினைக்கிறவர் எங்கள் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும்.

மாகாண சபை வந்தால் மட்டும் என்ன, வாகனம் வாங்குவார்கள், வாசலில் பெயர்ப்பலகை போடுவார்கள் என்று பின்னால் இருந்து ஒரு ஐயா சொன்னார். போட்டார்கள், பார்த்தோம். பணத்துக்குக் கொழும்பைப் பார்த்துக்கொண்டு, காணி ஆணைக்குழு இல்லாமல், பொலிஸ் அதிகாரம் இல்லாமல் இருந்த சபைதான். தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்க வேண்டும் என்று 1987இல் எழுதியது இன்றுவரை அமைக்கப்படவில்லை. ஆனால் ஐயா, எங்கள் தாத்தாமாரின் வாக்கை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருடத்தின் தேர்தல் சட்டத் திருத்தமும் பறித்தன. 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமை வந்து சேர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை இழுபட்டது. வாக்கு இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று மற்றவர்கள் பேசலாம், எங்கள் வாயில் அது வரக் கூடாது.

தமிழ், முஸ்லிம், சிங்களம் மூன்றும் கலந்த மாகாணம் இது. 2012இல் வந்த 37 பேரில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. மூன்று வருடத்துக்குள் கூட்டணி மாறி, எதிரும் புதிருமாக இருந்தவர்கள் ஒரே அமைச்சர் சபையில் உட்கார்ந்தார்கள். சண்டையும் போட்டார்கள். அந்தச் சண்டையைச் சபைக்குள் போடுவது வெளியே போடுவதைவிட மேல்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். வெளியேறும் அறிவித்தல் யாருக்காவது வந்தால் அடுப்பில் போடாதீர்கள், அன்றைக்கே தலைவரிடம் கொண்டுவாருங்கள். குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், கவரில் உள்ள திகதியையும் கையில் கிடைத்த திகதியையும் எழுதி வையுங்கள். வெளியேறாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்கு அழைப்பார்கள். அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு எழுத்தில் தந்த செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது வேறு எழுத்து அதிகாரம். முப்பது வருடம் இருந்தேன், கிணறு வெட்டினேன், மரம் வைத்தேன் என்பதை நீதவான் கேட்க முடியாது, சட்டம் விடாது. அவருடைய உத்தரவுக்கு மேன்முறையீடும் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே காணி அனுமதிப்பத்திரம், ஒப்பம், பிரதேச செயலாளரின் கடிதம், தோட்ட நிர்வாகம் எந்தக் காலத்திலாவது கொடுத்த துண்டு, எதுவானாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், ஒரு பிரதி சங்கத்தில் கொடுங்கள். வெள்ளத்தில் நனைந்து எழுத்து அழிந்த பத்திரங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். மனைவியின் பெயரில் இருந்தால் மனைவியின் அடையாள அட்டைப் பிரதியும் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, இன்றைக்கு உங்கள் முன்னால் வைக்கிற தீர்மானம். மூன்று வரிதான். எல்லை நிர்ணயத்தைக் காரணம் காட்டாமல், பழைய விகிதாசார முறையில் மாகாண சபைத் தேர்தலை நடத்தத் திருத்தச் சட்டம் கொண்டுவர வேண்டும். சபை அமையும்வரை கோறளைப்பற்று வடக்கில் அரச காணியைக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுப்பதானால், பிரதேச சபையிலும் கிராமக் கூட்டங்களிலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படும்போது பெருந்தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கைக்குச் சட்டத்தில் நேரடி வரி ஏதும் இல்லை, அதைக் கேட்டுப் பெற வேண்டும். மற்ற இரண்டும் பாராளுமன்றத்தின் வேலை, ஆகவே கடிதம் மாவட்டத்தின் ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் போகும், பதில் வந்ததா இல்லையா என்பது அடுத்த இதழில் பெயரோடு வரும்.

தீர்மானத்தில் திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் இப்போதே எழுந்து சொல்லுங்கள். கையெழுத்துப் படிவம் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெயரை எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம், பிள்ளைகள் இரண்டு பேர் மை டப்பாவோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.